சூரியனைப் பார்த்து நின்ற கப்பல்

அத்தியாயம் 5

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்காளா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடு ஹார்ட்டென்ஸ். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை எட்டு மணி. கிரனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் சந்தையில் முப்பது வருஷமாக ஜாதிக்காய் விற்கும், ஊருக்கே டான்ட்டியான, அதாவது அத்தையான, அர்சுலின் ரெட்ஹெட், எங்கள் அலுவலகத்தின் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பேக்கரிக்கு மேலே ஓர் அறை. கீழே ரொட்டி வேகும், மேலே நாங்கள் வேகுவோம்.

மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ் ஹார்ட்டென்ஸ் லெண்டோர். துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியவர். பெட்டியைத் திறக்கும் முன்பே, உள்ளே என்ன இருக்கிறது என்று பயணியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின் துப்பறிகிறார். நான் ரால் ஃபிரான்சிக், நாற்பத்திரண்டு வயது, அவருடைய உதவியாளன். முன்பு மினிபஸ் ஓட்டினேன். ஓட்டும்போது வாய் ஓயவில்லை என்று பயணிகள் புகார் கொடுத்ததால் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இங்கே புகார் கொடுக்க ஒரே ஆள்தான்.

"எந்த ஆளுக்கு?" என்றார் மேடம்.

"கேப்டன் எவரார்டுக்குத்தான். வேற யாருக்கு?" ஐம்பத்தொன்பது வயது டான்ட்டி, பதினேழு வயதுக்காரி போலத் தரையைப் பார்த்தார். "சனிக்கிழமை எங்க பாட்டுக் குழு அவர் கப்பல்லதானே போகுது. போற வழியில அவர் என்கிட்ட ஒரு விஷயம் கேக்கப் போறாராம். என்ன விஷயம்னு சொல்லல. ஆனா என் மோதிர விரல் அளவைக் கேட்டார்."

"பெரிய மர்மம்தான்," என்றேன். "துப்பறிவாளர் இல்லாம இதைக் கண்டுபிடிக்கவே முடியாது."

"ரால், வாயை மூடு," என்றார் மேடம்.

அந்தப் பயணம் பற்றி ஊரில் தெரியாதவர் கிடையாது. தேவாலயப் பாட்டுக் குழுவில் பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு பேரும் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்கள். பாய்மரக் கப்பலில் கால் வைத்தவர் ஒருவர்கூடக் கிடையாது. நான்கு மாதத்துக்கு முன் காரியாகூ தீவிலிருந்து கேப்டன் எவரார்டு பெத்தல் என்பவர் டான்ட்டியின் கடைக்கு வந்து ஒரு கிலோ ஜாதிக்காய் வாங்கினார். அடுத்த வாரமும் ஒரு கிலோ. ஏழு வாரம் இப்படியே வாங்கினார். ஒரு மனிதனுக்கு வாரம் ஒரு கிலோ ஜாதிக்காய் எதற்கு என்று யாருமே கேட்கவில்லை. எட்டாவது வாரம், 'உங்க குழுவோட என் கப்பல்ல அஞ்சு நாள் தீவு தீவாப் போய்ட்டு வரலாமே' என்றார்.

அன்று தொடங்கியது ஏற்பாடு. மொத்தம் ஏழு கூட்டம். எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கக்கூட இத்தனை கூட்டம் போட்டிருக்க மாட்டார்கள். வாழைப்பழமும் விசிலும் கப்பலுக்கு அபசகுனம், இரண்டும் கூடாது, மெத்தென்ற பையில்தான் துணி வைக்க வேண்டும் என்று கேப்டன் எழுதி அனுப்பியதை மூன்று கூட்டம் விவாதித்தார்கள். அகதா சகோதரி தன் கரியடுப்பைக் கொண்டு வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மரக் கப்பலில் கரியடுப்பு. யோசனை நன்றாகத்தான் இருந்தது. மேல் கட்டில் யாருக்கு என்பதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டு, பாட்டில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். உயிர் காக்கும் ஜாக்கெட் எந்த நிறம், அது வெள்ளை அங்கிக்குப் பொருந்துமா என்பது கடைசிக் கூட்டம்.

"இதுதான் நோட்டீஸ்," என்று டான்ட்டி ஒரு வண்ணத் தாளை மேசையில் வைத்தார். "பாரு, எவ்வளவு அழகான கப்பல்!"

அழகுதான், பொய் சொல்லக் கூடாது. காரியாகூவின் டிரெல் பே வளைகுடா. சூரியன் கடலில் இறங்குகிறது. நடுவே 'லேடி கான்ஸ்டன்ஸ்'. இரண்டு பாய்மரம், பாய்களைச் சுருட்டிக் கட்டியிருக்கிறது, மூக்கை நேராகச் சூரியனை நோக்கி நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. சுற்றிலும் ஒன்பது சின்னப் படகுகள் நங்கூரம் போட்டிருக்கின்றன. ஒன்பதும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

"சின்னப் படகுங்களுக்கு ரசனையே இல்ல," என்றேன். "இவ்வளவு நல்ல சூரியன், ஒண்ணாவது திரும்பிப் பாக்குதா பாருங்க."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சில சமயம் உன் வாயிலேர்ந்து உருப்படியா ஏதாவது வந்துடுது ரால். உனக்கே தெரியாம." டான்ட்டி பக்கம் திரும்பினார். "அர்சுலின், சனிக்கிழமை காலைல பன்னெண்டு பேரும் இங்கேர்ந்துதானே ஏறப்போறீங்க?"

"பதினோரு பேர்தான். நான் ஃபெர்ரில முன்னாடியே போய் காரியாகூல காத்திருக்கணுமாம். அங்கேர்ந்து ஏறிக்கலாமாம். முதல் நாள் கடல் முரடா இருக்கும், எனக்கு வாந்தி வரும்னு அவருக்கு மனசு கேக்கல." டான்ட்டி பெருமூச்சு விட்டார். "அப்படி ஒரு மனுஷன்."

"மத்த பதினோரு பேருக்கும் வாந்தி வராதா?"

"அகதாவுக்கு பஸ்லயே வரும்."

"அவளுக்காக அவருக்கு மனசு கேட்டுச்சா?"

"அவளுக்காக எதுக்குக் கேக்கணும்?" என்றார் டான்ட்டி, உண்மையாகவே புரியாமல்.

மேடம் எழுந்து குடையை எடுத்தார். "ரால், ஒன்பது மணி ஃபெர்ரிக்கு டிக்கெட் வாங்கு."

"ரெண்டா?"

"மூணு," என்றார் டான்ட்டி. "பொண்டாட்டி இருந்தா அவ மூஞ்சியை நான் பாக்கணும்."

கேப்டன் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று டான்ட்டி வேஷம் போட்டார். வேஷம் என்றால் ஒரு தொப்பி. அதன் நிழலில் நான்கு பேர் சாப்பிட உட்காரலாம். ஃபெர்ரியில் ஏறியதும் மாலுமியிலிருந்து கைக்குழந்தைக்காரி வரை, "குட்மார்னிங் டான்ட்டி அர்சுலின்! புதுத் தொப்பியா?" என்றார்கள். "நான் அவ இல்ல," என்று டான்ட்டி எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னார். "சரி டான்ட்டி," என்றார்கள்.

கிரனடாவின் வடக்கு முனையைத் தாண்டும் வரை பிரச்சினை இல்லை. அதற்கப்புறம் கிக்-எம்-ஜென்னி. கடலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் எரிமலை அது. அங்கே அலைகள் நாலா பக்கமும் வந்து ஒன்றையொன்று முட்டும். இரும்பு ஃபெர்ரி தூக்கித் தூக்கிப் போட்டது. டான்ட்டி தொப்பியைக் கழற்றி, அதற்குச் சற்றும் பொருந்தாத வேலைக்குப் பயன்படுத்தினார்.

மேடம் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம் யோசனை?"

"இரும்புக்கே இந்த அடி விழுது," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து முழு வாக்கியம் வாங்குவதற்குள் எனக்கு வயசாகிவிடும்.

டிரெல் பேயில் இறங்கியதும் மேடம் நேராக ரம் கடைக்குப் போனார். காரியாகூவில் தகவல் வேண்டும் என்றால் காவல் நிலையத்துக்குப் போவது நேர விரயம். கடை கடலைப் பார்த்து இருந்தது. எதிரே பலகைத் துறையில் கயிறு கட்டி நின்றது லேடி கான்ஸ்டன்ஸ். புது வெள்ளை பெயின்ட், கண்ணைப் பறித்தது. டான்ட்டி அலசிய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கப்பலைப் பார்த்துக் கண்கலங்கினார்.

கடையில் நான்கு பேர் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். தனியாக உட்கார்ந்து ரம் குடித்துக்கொண்டிருந்தவர் காஸ்மோ எனோ. கையெல்லாம் தார்க்கறை. கப்பல் தச்சர் என்று சொல்லாமலே தெரிந்தது.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிக சாமர்த்தியமாக ஆரம்பித்தேன். "கேப்டன் எவரார்டோட பொண்டாட்டி சௌக்கியமா?"

"செத்து ஒன்பது வருஷம் ஆச்சு," என்றார் காஸ்மோ. "சௌக்கியமாத்தான் இருக்கணும்."

"ஐயோ பாவம். அதுக்கப்புறம் வேற யாராவது…?"

"தம்பி, இந்தத் தீவுல மொத்தம் எட்டாயிரம் பேர். எவளாவது ஒருத்தி அவர் வீட்டுக் கொடியில பாவாடையைக் காயப்போட்டாக்கூட, அது காயறதுக்குள்ள எட்டாயிரம் பேருக்கும் தெரிஞ்சிடும். யாரும் கிடையாது. டவுன்ல ஜாதிக்காய் விக்கற ஒரு அம்மா மேல பைத்தியமா அலையறார், அவ்வளவுதான். வீட்டுல கால் வைக்க இடமில்ல, எங்க பாத்தாலும் ஜாதிக்காய்." காஸ்மோ தொப்பியின் கீழே குனிந்து பார்த்தார். "நீங்கதானேம்மா அது?"

டான்ட்டி தொப்பியைக் கழற்றினார். முப்பது வருஷத்தில் நான் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. "கடைக்காரரே! இங்க இருக்கிற எல்லாருக்கும் ஊத்துங்க!" என்றார். டாமினோக்காரர்கள் எழுந்து நின்று மரியாதை செலுத்தினார்கள். எனக்கு ஒரு பீர் வந்தது. இவ்வளவு சுலபமான வழக்கை நாங்கள் இதுவரை பார்த்ததே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு இங்கே என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே பீரைக் குடித்தேன்.

மேடம் தன் கிளாஸைத் தொடவில்லை. துறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரால், நீ பீர் ஆரம்பிச்சதுலேர்ந்து அந்தக் கப்பல் எத்தனை தடவை தண்ணி விட்டுச்சு?"

கவனித்திருந்தேன். கப்பலின் விலாவில் ஒரு ஓட்டை. அதிலிருந்து அவ்வப்போது தண்ணீர் பீச்சிவிட்டு நிற்கும். "மூணு தடவை."

"நீ?"

"நான் இன்னும் ஒரு தடவைகூட இல்ல மேடம்."

"சும்மா கட்டிப்போட்ட கப்பல். அலை இல்ல, மழை இல்ல. உள்ள புகுந்த தண்ணியை வெளிய தள்ளற பம்பு எதுக்கு இவ்வளவு அவசரமா வேலை செய்யுது?"

அதை என்னிடம்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்க் காஸ்மோவின் முன்னால் நோட்டீஸை வைத்தார். சாவகாசமாக, ஊரறிந்த விஷயத்தைப் பேசுவது போலக் கேட்டார்.

"எத்தனை நாள் பாறை மேல உக்காந்திருந்துச்சு காஸ்மோ?"

"ரெண்டு நாள்தான். மூணாவது நாள் பெரிய அலை வந்துச்சா, நாங்க ஆறு பேரு கயிறு கட்டி…"

காஸ்மோ நிறுத்திக்கொண்டார். டாமினோ சத்தமும் நின்றது. கடையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் கிளாஸுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

"எந்தப் பாறை?" என்றார் டான்ட்டி.

மேடம் நோட்டீஸை அவர் பக்கம் திருப்பினார். "நம்ம ஊர்ல காத்து எங்கேர்ந்து அடிக்குது அர்சுலின்?"

"கிழக்கேர்ந்து. வருஷம் பூரா அங்கேர்ந்துதானே அடிக்குது? இது என்ன கேள்வி?"

"நங்கூரம் போட்ட கப்பல் எந்தப் பக்கம் மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கும்?"

"காத்து வர்ற பக்கம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"சூரியன் எங்க மறையுது?"

டான்ட்டி பதில் சொல்ல வாயைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். ஒன்பது படகுகள் கிழக்கே பார்த்து நின்றன. லேடி கான்ஸ்டன்ஸ் மட்டும் மேற்கே பார்த்து நின்றது.

எனக்கு மண்டையில் உறைக்கச் சற்று நேரமானது. "பின்பக்கம் இன்னொரு நங்கூரம் போட்டுத் திருப்பி நிறுத்தியிருக்கலாமே மேடம்?"

"பின்னாடி கயிறு எங்க இருக்கு, காட்டு. அது நங்கூரத்துல நிக்கல ரால். அடில பாறை கவ்விப் பிடிச்சிருக்கு. திரும்ப முடியல."

காஸ்மோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே பேசினார். "வளைகுடா நடுவுல ஒரு திட்டு இருக்கும்மா. அன்னிக்கு வெளிய கிளம்பறப்ப திசை பாக்காம அதுமேல ஏத்திட்டார். யாரோ வெளிநாட்டுக்காரர் தன் படகுலேர்ந்து படம் எடுத்து, ஆகா என்ன அழகுன்னு அவருக்கே அனுப்பிவெச்சார். கப்பல் போஸ் கொடுக்குதுன்னு நெனச்சுக்கிட்டார் பாவம். இதைப் போய் நோட்டீஸ்ல போடாதீங்கன்னு நாங்க எல்லாரும் தலைபாடா அடிச்சுக்கிட்டோம். 'டவுன் பொம்பளைங்களுக்கு என்ன தெரியப்போகுது'ன்னுட்டார்."

மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் துறைமுகத்தில் பார்த்தவர்களில் பலர் பிறகு கம்பிக்குப் பின்னால் இருந்து யோசித்திருக்கிறார்கள்.

"அடி எவ்வளவு?" என்றார்.

"மூணு பலகை வெடிச்சிருக்கு. தார் வெச்சு, பஞ்சு அடைச்சு, மேல தகரம் அடிச்சிருக்கேன். கரையேத்தி பலகையை மாத்தணும்னு சொன்னேன். மாத்தினா சீசன் முழுக்கப் போயிடும், ஊர் சிரிக்கும்னார். நாளைக்கு டவுனுக்குக் காலியா, காத்தோட போகும். அது பரவால்ல. சனிக்கிழமை அத்தனை பேரை ஏத்திக்கிட்டு, காத்துக்கு எதிரா, ஜென்னி மேல ஏறி வரணும்." ரம்மை ஒரே மடக்காகக் குடித்தார். "என் தகரத்து மேல எனக்கே நம்பிக்கை இல்லம்மா. வாயைத் திறந்திருக்கணும். அவர் எனக்கு மாமா முறை."

இங்கே எல்லோருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு முறை. அதனால்தான் கடை முழுக்கத் தெரிந்த விஷயம் கடலைத் தாண்டவில்லை.

டான்ட்டி படத்தை இன்னும் கையில் வைத்திருந்தார். "ஜென்னியைத் தாண்டி இங்க வந்து சேந்துட்டா, அப்புறம் மிச்சக் கடல் சாதுவா இருக்கும்," என்று மெல்லச் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. "இங்கேர்ந்துதான் நான் ஏறணும்னார்."

மிச்ச பீரைத் தள்ளி வைத்தேன். அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"பொண்டாட்டி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார் டான்ட்டி. தொப்பியைக் கடையிலேயே விட்டுவிட்டுத் துறையை நோக்கி நடந்தார்.

கேப்டன் எவரார்டு மேல்தளத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது, நரைத்த தாடி, நிமிர்ந்த ஆள். ஆள் என்னவோ நோட்டீஸைவிட நன்றாகத்தான் இருந்தார். டான்ட்டியைக் கண்டதும் கயிறு கையிலிருந்து நழுவியது.

"அர்சுலின்! நீயா? சனிக்கிழமைதானே…"

டான்ட்டி ஏறு பலகையில் கால் வைத்தார். பலகை ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக ஏறினார். கப்பலின் நடுவில் இருந்த மரமூடி மேல் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். நானும் மேடமும் பின்னாலேயே ஏறினோம்.

"கிளப்பு எவரார்டு."

"எங்கே?"

"ஜென்னி வரைக்கும் போய்ட்டு வரலாம். கப்பல்ல முதல் தடவை போறேன், நாலு பேரு இல்லாம நீயும் நானுமாப் போகலாம்னு ஆசை."

கேப்டன் சிரிக்க முயன்றார். "இப்ப ஆளுங்க இல்லையே."

"நான் இருக்கேன்," என்றேன். "கயிறு இழுக்கறதுல நான் கெட்டி. எதை இழுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"பெயின்ட் காயல."

"பெயின்ட் மேலதானே இருக்கு?" என்றார் மேடம். "எங்களுக்குக் கவலை அடியைப் பத்தித்தான்."

கேப்டன் மேடத்தைப் பார்த்தார். கடை வாசலில் வரிசையாக நின்ற டாமினோக்காரர்களைப் பார்த்தார். அவர்களுக்கு நடுவே காஸ்மோ நின்றதையும் பார்த்தார். கால்களுக்குக் கீழே எங்கேயோ பம்பு முனகியது. விலாவிலிருந்து தண்ணீர் பீச்சி அடித்து நின்றது.

"இறங்கு அர்சுலின்," என்றார் தாழ்ந்த குரலில்.

"ஏன்?"

"சொன்னாக் கேளு. இறங்கு."

"சனிக்கிழமை பதினோரு பேரு ஏறலாம். நான் இன்னிக்கு ஏறக்கூடாதா?"

"ரெண்டு பம்பு வெச்சிருக்கேன். நாப்பது வருஷமா இந்தக் கடல்ல ஓட்டறேன். ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா கிளப்பு."

கேப்டன் நகரவில்லை. தாடிக்குள் உதடு மட்டும் அசைந்தது. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. வேறு நாளாக இருந்தால், வேறு கப்பலாக இருந்தால், நானே கைதட்டியிருப்பேன்.

"அகதாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவ புருஷன் தாங்குவானா?" என்றார் டான்ட்டி. குரல் உயரவே இல்லை. "லுக்ரீஷியாவுக்கு நாலு பேரப் பசங்க. அவ வரவே மாட்டேன்னா. ரெண்டு வாரம் அவ வீட்டுக்கு நடையா நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, நான்தான் சம்மதிக்க வெச்சேன். பதினோரு பேரும் உன்னை நம்பி வரல எவரார்டு. அவங்களுக்கு உன்னை யாருன்னே தெரியாது. என்னை நம்பித்தான் வராங்க. என்னைக் கரையில விட்டுட்டு, அவங்களை ஏத்திக்கிட்டுப் போக இருந்தே."

"காஸ்மோ தகரம் அடிச்சிருக்கான்…"

"போனை எடு."

டான்ட்டி பையிலிருந்து பயண ஏற்பாட்டு நோட்டைப் பிரித்தார். பெயர், தொலைபேசி எண், யாருக்கு எந்தக் கட்டில், யாருக்கு என்ன மாத்திரை, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. "முதல்ல அகதா. நீயே சொல்லணும். நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் இறங்கப் போறதில்ல. கப்பல் முழுகட்டும், பரவால்ல."

"ஏதோ ரிப்பேர்னு சொல்லட்டுமா?"

"பாறைல மோதின கப்பல்னு சொல்லு."

சொன்னார். முதல் தடவை நாக்கு ஒத்துழைக்கவில்லை. இரண்டு தடவை இருமிவிட்டு, மூன்றாவது முறைதான் வாக்கியம் முழுதாக வந்தது. அகதா சகோதரி பதில் சொன்னது, போன் காதில் இருந்தும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட அவர் குரல் அந்த உச்சத்தைத் தொட்டதில்லை. ஆறு நிமிஷம் நீடித்தது. கேப்டன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்தது லுக்ரீஷியா. அவர் திட்டவில்லை. "அர்சுலினுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாராம். கேப்டன் டான்ட்டியைப் பார்த்தார். "தெரியாது. நான் அவகிட்ட மறைச்சுட்டேன்," என்றார். டான்ட்டி நோட்டில் அடுத்த பெயரைக் காட்டினார்.

ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. வெயில் ஏறியது. பம்பு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிலர் அழுதார்கள், சிலர் சபித்தார்கள், ஒருவர் மட்டும் வாங்கி வைத்த புது நீச்சலுடையை என்ன செய்வது என்று கேட்டார். மேடம் குடையை விரித்து டான்ட்டியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. இருந்தும் உட்காரவில்லை.

பதினோராவது அழைப்பும் முடிந்தது. கேப்டனின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. போனைக் கீழே இறக்கினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் டான்ட்டி.

"பதினோரு பேரும் முடிஞ்சுது அர்சுலின்."

"எங்க குழுவுல பன்னெண்டு பேர்."

புரிய அவருக்குச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. நோட்டைப் பார்க்கவில்லை, அந்த எண் அவருக்கு மனப்பாடம். மூன்றடி தள்ளி, டான்ட்டியின் மடியில் இருந்த பைக்குள் மணி அடித்தது. டான்ட்டி நிதானமாக எடுத்துக் காதில் வைத்தார்.

"யாரு?"

"நான்தான். எவரார்டு."

"சொல்லுங்க கேப்டன்."

அவர் டான்ட்டியைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினார். "சனிக்கிழமைப் பயணம் இல்ல. கப்பல் பாறைல மோதினது. அடில மூணு பலகை போயிடுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்க ஆளுங்களை ஏத்தப் பாத்தேன்." போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். "நீ ஏறாதே அர்சுலின்."

"சரிங்க. சொன்னதுக்கு நன்றி," என்றார் டான்ட்டி. போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

எழுந்தார். கேப்டன் கையை நீட்டினார். டான்ட்டி அந்தக் கையைப் பிடிக்கவில்லை, கயிற்றையும் பிடிக்கவில்லை. ஆடுகிற பலகையில் கண்ணைத் திறந்துகொண்டே நேராக நடந்து இறங்கினார். நான் திரும்பிப் பார்த்தபோது, கேப்டன் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அடுத்த ஃபெர்ரி எத்தனை மணிக்கு ரால்?" என்றார் டான்ட்டி.

"மூன்றரைக்கு," என்றேன்.